வெயிலில் 28.9 வோல்ட்: சிறிய விமான பேட்டரியின் சார்ஜும் வெப்பநிலையும் – முழுமையான வழிகாட்டி

புதுசாகப் போட்ட பேட்டரியை எட்டாவது மாதமே கழற்ற வேண்டி வந்தது. செஸ்னா 172 பயிற்சி விமானம், 24 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சரக்கு பழசு என்றார் ஒருவர். மாணவர்கள் ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்துகிறார்கள் என்றார் இன்னொருவர். லாக் புக்கைப் புரட்டினால் ஏப்ரல் மாதப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பஸ் வோல்டேஜ் (விமானத்தின் எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுக் கம்பியில் உள்ள வோல்டேஜ்) 28.9. இருக்க வேண்டியது 28.4. அரை வோல்ட்தானே கூட என்று எல்லோரும் விட்டுவிட்டோம், நானும்தான்.

வெயிலில் அது அரை வோல்ட் இல்லை, ஏறக்குறைய 2 வோல்ட். அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும். அதனால் கணக்கைச் சொல்லிவிட்டு, அப்புறம் படிகளுக்குப் போகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே: இங்கே தரும் எண்கள் லெட்-ஆசிட் பேட்டரிக்கான பொதுவான எண்கள். உங்கள் விமானத்தின் மெயின்டனன்ஸ் மேனுவலும் பேட்டரி தயாரிப்பாளரின் கையேடும் வேறு எண் சொன்னால் அதுதான் சரி. ரெகுலேட்டரை (பஸ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி) திருகும் வேலை லைசென்ஸ் உள்ள இன்ஜினியருடையது.

முதலில் கணக்கு

24 வோல்ட் பேட்டரியில் 12 செல். ஒவ்வொரு செல்லுக்கும் சார்ஜ் ஏற ஒரு வோல்டேஜ் தேவை. செல் சூடாக ஆக, அந்தத் தேவை குறையும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஒரு செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். நடுவில் 4 என்று வைத்துக்கொண்டால், 12 செல்லுக்கு 48 மில்லிவோல்ட். சுருக்கமாக, ஒரு டிகிரிக்கு 0.05 வோல்ட்.

பேட்டரி 25 டிகிரியில் இருக்கும்போது 28.2 வோல்ட் சரியாக இருக்கிறது என்று வையுங்கள். அதே பேட்டரி 40 டிகிரியில் 27.5 வோல்ட்டோடு திருப்தியாகிவிடும். 50 டிகிரியில் 27. மறுபக்கம், 10 டிகிரியில் 28.9 கேட்கும், 0 டிகிரியில் 29.4 கேட்கும். 12 வோல்ட் பேட்டரி என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரும்பாலான சிறிய விமானங்களில் ரெகுலேட்டருக்குப் பேட்டரியின் சூடு தெரியாது. பஸ்ஸின் வோல்டேஜை மட்டும் பார்த்து, கோடையானாலும் மார்கழியானாலும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் விமானத்தில் 28.9 வோல்ட், பேட்டரியோ மே மாத மதியத்தில் 50 டிகிரி. அதற்குத் தேவை 27. கூடுதல் 1.9 வோல்ட். அந்தக் கூடுதல் எல்லாம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கவும், பாசிட்டிவ் பிளேட்டின் சட்டத்தை அரிக்கவும்தான் போகும். இந்த வேதிவினைகளின் வேகம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 25-லிருந்து 55 டிகிரிக்குப் போனால் எட்டு மடங்கு. பேட்டரியின் ஆயுள் 10 டிகிரிக்குப் பாதியாகும் என்று பேட்டரிக்காரர்கள் சொல்வதும் இதை வைத்துத்தான்.

படி 1: பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்

செஸ்னா 172-இல் பேட்டரி ஃபயர்வாலின் (இன்ஜினுக்கும் பைலட் இருக்கைக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர்) இன்ஜின் பக்கத்தில், கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடும் உறை) இருக்கும். செஸ்னா 182-இல் அது பின்னால், சாமான் வைக்கும் இடத்துக்கும் அப்பால், வால் பக்கம். பழைய பைப்பர் செரோக்கி விமானங்கள் பலவற்றில் பின் சீட்டுக்கு அடியில். ஒரே வெயில், ஒரே ஓடுதளம், மூன்று வெவ்வேறு சூடு.

172-இல் கவனிக்க வேண்டியது இன்ஜின் நின்ற பிறகான அரை மணி நேரம். பறக்கும்போது காற்று ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். சிலிண்டர்களும் எக்ஸாஸ்ட் குழாயும் தங்கள் சூட்டைக் கவுலிங்குக்குள் கொட்டும். பேட்டரி சுமார் 12 கிலோ எடை. மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அடுத்த மாணவர் இருபது நிமிடத்தில் வந்து ஸ்டார்ட் செய்தால், சூடு ஏறிய பேட்டரிக்கு மறுபடி சார்ஜ். ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படி நடந்தால், மாலையில் பேட்டரியின் உள்சூடு வெளிக்காற்றைவிட 15, 20 டிகிரி கூட இருப்பதில் வியப்பில்லை.

182-இன் கதை தலைகீழ். பின்னால் இன்ஜின் சூடு எட்டாது. உயரம் ஏற ஏற, ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி வீதம் காற்று குளிரும். குளிர் நாடுகளில் அந்தப் பேட்டரி பயணம் முழுக்க உறைநிலைக்குக் கீழேயே கிடக்கும்.

படி 2: காற்றின் சூட்டை அல்ல, பேட்டரியின் சூட்டை அளந்து பாருங்கள்

வெளிவெப்பநிலை காட்டும் மீட்டரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விமானம் இறங்கி நின்றதும் மேல் கவுலிங்கைத் திறந்து, பேட்டரியின் பக்கச் சுவரை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளக்கலாம். பளபளப்பான அலுமினியப் பெட்டியை நோக்கிச் சுட்டினால் தவறான எண் வரும். பளபளப்பான உலோகம் சுற்றுப்புறத்தின் சூட்டைப் பிரதிபலித்துக் காட்டும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்று நேரம் விட்டு, அதன் மேல் அளந்து பாருங்கள். பழைய வகை பேட்டரியில் மூடியைத் திறந்து கண்ணாடித் தெர்மாமீட்டரை ஆசிட்டிலேயே விட்டு அளப்பது இன்னும் நல்லது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடாமல் இதைச் செய்ய வேண்டாம்.

சூடேறினால் நிறம் மாறி, ஆறின பிறகும் அப்படியே நிற்கும் ஒட்டுப்பட்டைகள் கிடைக்கின்றன. பேட்டரிப் பக்கத்தில் ஒன்று ஒட்டிவைத்தால், இரண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு நடுவே உச்சமாக எவ்வளவு சூடு போனது என்பதை அது காட்டிக்கொடுக்கும். மலிவு. எனக்கு இதைவிடப் பிடித்த கருவி கிடையாது.

படி 3: பஸ் வோல்டேஜை மல்டிமீட்டராலும் பாருங்கள்

இன்ஜினை 1,500 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து, தேவையற்ற விளக்குகளை அணைத்து, ஸ்டார்ட் செய்ததால் இறங்கிய சார்ஜ் ஏறும்வரை சில நிமிடம் விட்டுப் பாருங்கள். பேனலில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், நல்ல மல்டிமீட்டரால் பஸ்ஸிலும் அளக்க வேண்டும். 24 வோல்ட் அமைப்புகளில் 28 முதல் 28.5 வரை வழக்கமான எல்லை. 12 வோல்ட் அமைப்பில் 14 முதல் 14.25.

எண்ணை எழுதும்போது பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள். "28.4" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆளுக்கு அது பாதித் தகவல். "28.4, பேட்டரி 44 டிகிரி" என்றால்தான் அது எதையாவது சொல்லும்.

எண் அதிகமாக இருந்தால் உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் விமானத்தில் நடந்தது இது. பஸ்ஸிலிருந்து வோல்டேஜ் தகவல், சர்க்கியூட் பிரேக்கர் வழியாகவும் மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டருக்கான (இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) பாதி வழியாகவும்தான் ரெகுலேட்டருக்குப் போகிறது. சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் வருடக்கணக்கில் கறுத்துப்போயிருந்தன. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பஸ்ஸிலும் இன்னொன்றை ரெகுலேட்டரின் உள்வரும் வயரிலும் வைத்தேன்: 0.6 வோல்ட். அதாவது பஸ்ஸில் 28.9 இருக்கும்போது ரெகுலேட்டர் பார்ப்பது 28.3. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது, பாவம். அதற்கு வந்த தகவல்தான் பொய். சுவிட்சையும் பிரேக்கரையும் மாற்றியதும் பஸ் 28.3-க்கு இறங்கிவிட்டது. ரெகுலேட்டரைத் தொடவே இல்லை.

யாராவது அதற்கு முன்பே ரெகுலேட்டரைத் திருகிக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் ஒருநாள் சுவிட்சை மாற்றியதும் வோல்டேஜ் 27.7-க்கு விழுந்து, பேட்டரி பட்டினி கிடந்திருக்கும்.

படி 4: ஆம்மீட்டரின் முள்ளைப் படியுங்கள்

வோல்டேஜைவிட ஆம்மீட்டர்தான் அதிகம் பேசும். பேட்டரிக்குள் போகும் கரன்டைக் காட்டும் வகை, நடுவில் பூஜ்யம் உள்ளது, உங்கள் விமானத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மொத்த லோடைக் காட்டும் மீட்டராக இருந்தால் இந்தப் படிக்கு அது உதவாது.

ஒரு சின்னக் கணக்கு. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்து 5 விநாடி சுற்றினால் போவது 1,000 ஆம்பியர்-விநாடி, அதாவது 0.28 ஆம்பியர்-அவர். நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். மீதி ஒரு மணி நேரப் பயணமும் பேட்டரிக்கு எதுவும் தேவையில்லை, ஆனால் வோல்டேஜ் மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வெயில் ஊர்ப் பயிற்சி விமானங்களில் பேட்டரி சீக்கிரம் சாவது பெரும்பாலும் இந்த மீதி நேரத்தில்தான், ஸ்டார்ட் செய்வதில் அல்ல.

பழைய 172-களின் கையேட்டிலேயே இதற்கு ஒரு அளவு இருக்கிறது: 30 நிமிடம் க்ரூஸில் (சீரான பயணத்தில்) பறந்த பிறகு, சார்ஜ் கரன்ட் முள்ளின் இரண்டு அகலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதற்கு மேல் நீண்ட நேரம் நின்றால் பேட்டரி சூடாகி எலக்ட்ரோலைட் (உள்ளே இருக்கும் ஆசிட் கரைசல்) ஆவியாகும். ஆம்பியரில் சொல்லாமல் முள்ளின் அகலத்தில் சொன்னவர் பைலட்டின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர் என்று நினைத்துக்கொள்வேன்.

முள் இறங்கியபின் மறுபடி மெல்ல ஏறினால் அது வேறு விஷயம். சூட்டால் கரன்ட் ஏறி, கரன்டால் சூடு ஏறி, ஒன்றை ஒன்று துரத்த ஆரம்பித்துவிட்டது என்று பொருள். தெர்மல் ரன்அவே என்பார்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இது பேர்போனது. தண்ணீர் வற்றிய, மூடப்பட்ட ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி நார் விரிப்பில் உறிஞ்சி வைத்த) லெட்-ஆசிட் பேட்டரியிலும் வரும். அந்த நேரத்தில் கையேட்டின் அவசரப் பகுதியில் சொன்னபடி சார்ஜைத் துண்டித்து, அருகிலுள்ள இடத்தில் இறங்குவதுதான் வேலை. கீழே வந்து பார்க்கலாம் என்று பறந்துகொண்டிருக்கக் கூடாது.

படி 5: ஹேங்கரில் சார்ஜ் போடும்போது

வெயிலில் நின்ற விமானத்திலிருந்து கழற்றிய பேட்டரியை நேராகச் சார்ஜரில் மாட்டாதீர்கள். ஓர் இரவு நிழலில் ஆறட்டும். காரின் சார்ஜர் வேண்டாம்; அவற்றில் சில, 12 வோல்ட் பேட்டரிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். சூட்டுக்கேற்ப வோல்டேஜைக் குறைக்கும் சென்சர் உள்ள சார்ஜர் என்றால், சென்சரைப் பேட்டரியின் மேலேயே ஒட்டுங்கள். மேஜையில் தொங்கவிட்டால் அது அறையின் சூட்டைத்தான் அளக்கும், அதுவும் ஏசி அறையாக இருந்தால் சார்ஜர் நன்றாக ஏமாறும்.

நடுவில் பேட்டரி 45 டிகிரியைத் தொட்டால் கரன்டைக் குறைப்பேன், 50 என்றால் நிறுத்திவிடுவேன். சார்ஜ் நிறைந்ததா என்பதற்கு, மணிக்கொரு முறை பாருங்கள்: மூன்று முறை கரன்டோ, திறந்த வகை பேட்டரியில் ஆசிட்டின் அடர்த்தியோ மாறாமல் நின்றால் நிறைந்துவிட்டது.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. முன்னாலேயே நிரப்பினால், சார்ஜில் மட்டம் ஏறி, வழிந்து, பெட்டியையும் அடியில் உள்ள அலுமினியத்தையும் அரிக்கும். பிளேட் வெளியே தெரியும் அளவு வற்றியிருந்தால் மட்டும், பிளேட் மூழ்கும்வரை கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரும் வெப்பநிலைக்கு அடிமைதான். அது 27 டிகிரிக்குச் செய்யப்பட்டது. ஆசிட் 38 டிகிரியில் இருந்தால், காட்டும் எண்ணோடு 0.008 கூட்ட வேண்டும். 1.262 காட்டினால் உண்மை 1.270. குளிர்ந்த ஆசிட்டில் அதே அளவில் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல், கோடையில் நல்ல பேட்டரியைச் சார்ஜ் குறைவு என்று நினைத்து மறுபடி மறுபடி சார்ஜ் போட்டுக் கெடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சும்மா கிடக்கும் பேட்டரியும் வெயிலில் தானாகக் கரையும். அதன் வேகமும் 10 டிகிரிக்கு இரட்டிப்புதான். 20 டிகிரி அறையில் மூன்று மாதம் தாங்குவது 40 டிகிரி ஹேங்கரில் மூன்று வாரம்.

படி 6: குளிர் நாட்டில் இதே வேலை

குளிர் பேட்டரியைக் கெடுப்பதைவிட அதன் பலவீனத்தை அம்பலப்படுத்தும். மைனஸ் 18 டிகிரியில் லெட்-ஆசிட் பேட்டரியின் ஸ்டார்ட் செய்யும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டரை இரண்டு மடங்கு உழைக்கச் சொல்லும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது சாதாரண வழக்கம். இன்ஜினுக்கு ஹீட்டர் போட்டுவிட்டுப் பேட்டரியை மறந்துவிடுவதும் அங்கே அதே அளவு சாதாரணம்.

சார்ஜ் விஷயத்தில் குளிர் செய்யும் ஏமாற்று வேலை இது: ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஆம்மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆஹா, நிறைந்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் 0 டிகிரியில் உள்ள பேட்டரி 29.4 கேட்கிறது, பஸ் கொடுப்பதோ 28.2. உள்ளே போக வழியில்லாமல்தான் கரன்ட் நிற்கிறது. வெயிலில் முள் இறங்க மறுத்தால் சந்தேகப்படுங்கள். குளிரில் முள் சட்டென்று இறங்கினால் சந்தேகப்படுங்கள். அரை மணி நேர சர்க்யூட் பயிற்சிகளாகவே (ஓடுதளத்தைச் சுற்றி ஏறி இறங்குவது) ஓட்டினால், ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். அங்கே வாரம் ஒரு முறையாவது, சூடான அறையில் வைத்து வெளிச் சார்ஜரால் நிரப்ப வேண்டும்.

அப்புறம், உறைதல். ஆசிட் அடர்த்தி 1.275 என்றால் மைனஸ் 62 டிகிரிவரை உறையாது. 1.200-க்கு இறங்கினால் மைனஸ் 26. 1.100 என்றால் வெறும் மைனஸ் 7-லேயே உறைந்துவிடும். ஆக, உறைவது சார்ஜ் இல்லாத பேட்டரிதான். பக்கங்கள் உப்பியிருந்தால், குலுக்கும்போது ஆசிட் அசையும் சத்தம் இல்லாவிட்டால், சார்ஜரை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் கொடுத்தால் வெடிக்கலாம். உருகியபிறகும் அதை விமானத்தில் போடக் கூடாது. உள்ளே பிளேட்டுகள் நெளிந்திருக்கும்.

லெட்-ஆசிட் அல்லாதவை

நிக்கல்-காட்மியம் டர்பைன் விமானங்களின் சமாச்சாரம். தெர்மல் ரன்அவே பயத்தால்தான் அவற்றில் பேட்டரியின் வெப்பநிலை மீட்டரோ எச்சரிக்கை விளக்கோ இருக்கும். அதற்கும் லெட்-ஆசிட்டுக்கும் ஒரே அறையில், ஒரே கருவியால் வேலை செய்யக் கூடாது. ஆசிட் ஆவி அதன் காரக் கரைசலைக் கெடுத்துவிடும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், இலகுரக விமானங்களில் வேகமாகப் பரவுகிறது. இதில் கட்டாயம் தெரிய வேண்டியது, 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ். லெட்-ஆசிட் குளிரில் சார்ஜை வாங்க மறுக்கும், அவ்வளவுதான். லித்தியமோ வாங்கிக்கொண்டு, அயனிகள் நெகட்டிவ் முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். படிந்தது திரும்புவதில்லை, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், ஷார்ட் ஆகும் ஆபத்தும் கூடும். உள்ளே இருக்கும் மேலாண்மை சர்க்கியூட் என்ன வெப்பநிலையில் என்ன செய்யும் என்பதை வாங்குவதற்கு முன் கையேட்டில் படித்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் லேண்டிங் லைட்டைச் சில நிமிடம் எரியவிட்டால் பேட்டரி தன் உள்தடையாலேயே வெதுவெதுப்பாகும். குளிர்ந்த லெட்-ஆசிட்டில் இதைச் செய்தால் இருப்பதும் போய்விடும்.

இன்னொரு பக்கம், காலியான லித்தியம் பேட்டரி எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். இலகுரக விமானங்களில் உள்ள ரோட்டாக்ஸ் 912 இன்ஜினோடு வரும் ஜெனரேட்டரின் மொத்தத் திறனே 250 வாட்தான். அதைக் காலி பேட்டரி முழுசாகக் கேட்டால், சூடாவது பேட்டரி அல்ல, ஜெனரேட்டரும் அதன் ரெகுலேட்டரும். காலியானதைத் தரையிலேயே நிரப்பிவிட்டுப் பறக்கப் போங்கள்.

முழு மின் விமானங்களில் நிலைமை வேறு. 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் சான்று பெற்ற பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோவில் பேட்டரிகளுக்குத் திரவக் குளிரூட்டலே இருக்கிறது. பேட்டரியின் சூடு அங்கே பைலட் பார்க்க வேண்டிய எண்களில் ஒன்று, நாம் பெட்ரோல் அளவைப் பார்ப்பதுபோல.

படி 7: கொள்ளளவுச் சோதனை

ஸ்டார்ட் ஆகிறது என்பதால் பேட்டரி நல்லது என்று ஆகிவிடாது. ஸ்டார்ட் செய்ய 5 விநாடி போதும். ஆல்டர்னேட்டர் நடுவானில் போனால் அத்தியாவசியக் கருவிகளை 30 நிமிடம் ஓட்ட வேண்டும், அதற்குத்தான் இந்தச் சோதனை. வருடம் ஒரு முறை, வெயில் ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் நல்லது. முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியை 25 டிகிரி அளவில் ஓர் இரவு வைத்து, ஒரு மணி நேர ரேட்டில் (புதுப் பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீரும் அளவு) கரன்ட் இழுத்து, 20 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு எல்லை 10 வோல்ட். 51 நிமிடம் என்றால் 85 சதவீதம், 48 என்றால் 80. எது தேர்ச்சி எல்லை என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். சூடான பேட்டரியில் செய்தால் எண் கூடுதலாக வந்து ஏமாற்றும். அதனால் இங்கேயும் வெப்பநிலையை எழுதிவைக்க வேண்டும்.

எட்டு மாதத்தில் கழற்றிய அந்தப் பேட்டரி இந்தச் சோதனையில் 31 நிமிடம்தான் தாங்கியது. அதன் இடத்தில் போட்டது, புது சுவிட்சோடு, ஒரு கோடையைத் தாண்டி வந்து 56 நிமிடம் காட்டியது. லாக் புக்கில் அந்த வரி இப்படி இருக்கிறது: பஸ் 28.3, பேட்டரி 26 டிகிரி, 56 நிமிடம்.